செடி நார்க் கழிவைக் கலந்தால் கான்கிரீட் கல் வலுவாகுமா?

தேங்காய் நார், கரும்புச் சக்கை, வாழை நார் என்று வீணாகப் போகும் நாரைக் கான்கிரீட் கல்லில் கலந்தால் வலிமை கூடுமா, எவ்வளவு கலக்கலாம், சில வருடங்களில் உள்ளே மக்கிப் போய்விடாதா என்பது கேள்வி.

முதலில் நேரடியான விடை. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும் வலிமை பெரிதாகக் கூடாது. அளவு மீறினால் குறையும். விரிசல் விட்ட பிறகும் கல் இரண்டாகப் பிரியாமல் பிடித்து நிற்கும் குணம்தான் நாரால் கிடைப்பது. அந்தக் குணத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் கல் வாங்குபவர் கேட்கும் சோதனைச் சான்றிதழில் அது தெரியாது. அந்தக் குணமும் நிலையானதாக இருக்க வேண்டுமானால் நாரைச் சிமென்ட்டிடமிருந்து காப்பாற்ற வேண்டும். பலரும் நினைப்பதுபோல் மக்கும் கிருமி இங்கே முதல் எதிரி இல்லை. சிமென்ட்தான் எதிரி.

வலிமை ஏன் கூடாது என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு பொருள் பாரத்தில் எவ்வளவு குறைவாக நெளிகிறதோ அவ்வளவு விறைப்பானது. விறைப்பை அளக்கும் அலகில் கான்கிரீட்டுக்கு ஏறக்குறைய 25 ஜிகாபாஸ்கல். இரும்புக்கு 200. தேங்காய் நாருக்கு 3 முதல் 6 வரைதான். கயிறு திரிக்கும் கற்றாழையின் (சிசால்) நார் இதைவிட நல்ல விறைப்பு, 10 முதல் 20 வரை போகும், ஆனாலும் கான்கிரீட்டை எட்டாது. இரண்டு பொருள்கள் சேர்ந்து ஒரு பாரத்தைத் தாங்கும்போது விறைப்பானது அதிகப் பங்கை எடுத்துக்கொள்ளும். கல்லின் கன அளவில் 1 சதவீதம் தேங்காய் நார் கலந்திருந்தால், 100 கிலோ பாரத்தில் நாரின் பங்கு சுமார் 160 கிராம். அதுவும் எல்லா நாரும் பாரத்தின் திசையிலேயே கிடந்தால்தான். அதே அளவு இரும்பு இழை என்றால் 7 கிலோவுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆக, விரிசல் விடும்வரை நார் உள்ளே சும்மா கிடக்கிறது. அது பிடித்துக்கொண்ட 1 சதவீத இடத்தில் கான்கிரீட் இல்லை, நாரைச் சுற்றிக் கொஞ்சம் காற்றுக் குமிழும் சேர்ந்துவிடுகிறது. நசுக்கிப் பார்க்கும் சோதனையில் வலிமை சற்றுக் குறைவது இதனால்தான்.

விரிசல் விட்ட நொடியில் நிலைமை மாறுகிறது. 190 × 90 × 90 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு திடக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 சதவீதம் என்றால் வெறும் 18 கிராம் நார். கால் மில்லிமீட்டர் தடிமன், 20 மில்லிமீட்டர் நீளம் என்று நறுக்கிய தேங்காய் நாராக இருந்தால் அந்த 18 கிராமில் பதினைந்தாயிரம் துண்டுகளுக்கு மேல் இருக்கும். கல்லின் நடுவில் குறுக்காக ஒரு விரிசல் விழுந்தால் அதை ஏறக்குறைய 800 நார்கள் கடந்து செல்லும். கான்கிரீட்டுக்கும் நாருக்கும் இடையிலுள்ள பிடிப்பு சதுர மில்லிமீட்டருக்கு அரை நியூட்டன் என்று வைத்தால், ஒவ்வொரு நாரையும் உருவி எடுக்கச் சராசரியாக 2 நியூட்டன் தேவை, அதாவது 200 கிராம் எடை. மொத்தம் 160 கிலோ. அந்த இடத்தில் வெறும் கான்கிரீட்டைப் பிளக்க வேண்டிய இழுவிசை ஏறக்குறைய 1,600 கிலோ. எனவே நார் விரிசலைத் தடுக்கப் போதாது. ஆனால் மூன்றரைக் கிலோ எடையுள்ள கல் கையிலிருந்து நழுவி விழுந்தால் இரண்டாகச் சிதறாமல் பிடித்துவைக்கத் தாராளமாகப் போதும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இந்த நீளத்தில் நார் அறுந்துபோகாது, உருவிக்கொண்டுதான் வரும். உருவி வரும்போது ஏற்படும் உராய்வுதான் அடியின் வேகத்தை விழுங்குகிறது. நாருக்குச் சிமென்ட்டோடு மிகக் கெட்டியான ஒட்டு ஏற்பட்டால் உருவாமல் பட்டென்று அறும், கல்லும் பழையபடி நொறுங்கும். ஒட்டு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று எண்ணி விலை உயர்ந்த வேதிப்பூச்சுகளைத் தேடிப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியென்றால் நார் கலந்ததும் அமுக்க வலிமை கூடியதாகச் சொல்லும் ஆய்வுகள் பொய்யா? பொய் இல்லை. உலர்ந்த நாரை அப்படியே கலவையில் போட்டால் அது தன் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலோ தண்ணீரை உறிஞ்சும். சிமென்ட்டுக்கு மிஞ்சும் தண்ணீர் குறையும். குழைவாக வார்த்த கலவையில் தண்ணீர் குறைந்தால் வலிமை ஏறும், அந்த ஏற்றம் நாரின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். ஒப்பிடுவதற்காக வைத்த நாரில்லாத கலவையிலும் அதே அளவு தண்ணீரைக் குறைத்திருந்தால் அதுவும் ஏறியிருக்கும். அதோடு, நசுக்கும் இயந்திரத்தில் கல் பக்கவாட்டில் பிதுங்கிப் பிளந்துதான் உடைகிறது. அந்தப் பிளவை நார் சற்றுத் தாமதப்படுத்தும். குறைந்த அளவு நாரில் சிறு ஏற்றம் தெரிவதற்கு இது உண்மையான காரணம். ஆனால் அதை நம்பிச் சுவரைக் கணக்கிடும் அளவுக்கு அது நிலையான ஏற்றம் இல்லை.

கல் வார்க்கும் இயந்திரத்தில் இதே தண்ணீர் விவகாரம் தலைகீழாக வேலை செய்யும். ஹாலோ பிளாக் கலவை ஏற்கெனவே உதிரியானது, கையில் பிடித்தால் பிடி நிற்கும் அளவுக்குத்தான் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தையும் நார் உறிஞ்சிவிட்டால் அதிர்வு கொடுத்தாலும் கலவை சரியாக இறங்காது. உள்ளே பொள்ளல் விழும், விளிம்பு உதிரும். ஆய்வகத்தில் கிடைத்த ஏற்றம் பட்டறையில் இறக்கமாக மாறுவது இப்படித்தான்.

சரி, நொறுங்காத குணம் கல்லுக்கு எதற்கு? கற்கள் பெரும்பாலும் சுவரில் ஏறிய பிறகு சேதமாவதில்லை. அச்சிலிருந்து எடுக்கும்போது, அடுக்கும்போது, வண்டியில் ஏற்றி இறக்கும்போது மூலையும் விளிம்பும் போகின்றன. குறிப்பாக, சுவர் மெல்லிசாக இருக்கும் ஹாலோ பிளாக்கில் இது அதிகம். குழாய்க்கோ மின்கம்பிக்கோ கல்லைக் கொத்தும்போது வேண்டிய இடத்தில் மட்டும் உடையாமல் முழுக் கல்லும் பிளந்துபோவதும் பழக்கமான தொல்லை. இந்த இடங்களில் நார் உதவும். சிமென்ட் இறுகும் முதல் சில மணி நேரத்தில், மேற்பரப்பு வேகமாகக் காயும்போது விழும் முடி விரிசல்களையும் மிகக் குறைந்த நாரே, 0.2 சதவீத அளவிலேயே, கணிசமாகக் கட்டுப்படுத்தும். ஆனால் பல வாரங்களில் நடக்கும் மெதுவான சுருக்கத்தை நார் குறைக்காது, கூட்டவே செய்யும். நாரும் ஈரத்தை விட்டுச் சுருங்கும் பொருள்தானே. கல்லை நன்றாக உலரவிட்ட பிறகே சுவர் எழுப்ப வேண்டும் என்ற பழைய விதி நார்க் கல்லுக்கு இன்னும் கறாராகப் பொருந்தும்.

இனி ஆயுள். "மண் கல்லில் வைக்கோல் கலந்து நம் முன்னோர் கட்டிய சுவர்கள் தலைமுறைகளாக நிற்கின்றனவே" என்று கேட்பார்கள். மண் காரமானது இல்லை. உலர்ந்த மண்ணுக்குள் வைக்கோல் வெகுகாலம் கிடக்கும். சிமென்ட் அப்படியில்லை. இறுகிய சிமென்ட்டின் நுண்துளைகளில் நிற்கும் நீரின் பிஎச், அதாவது காரத்தைக் காட்டும் அளவு (7 என்றால் நடுநிலை), 12.5-க்கு மேல், பல சமயம் 13-ஐத் தாண்டும். சிமென்ட் நீரோடு சேர்ந்து இறுகும்போது உண்டாகும் திடப்பொருளில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு. இந்தக் காரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதில் பிழைக்காது, கறையான் உள்ளே புகாது. மக்கிப் போகுமோ என்ற பயம் இதனால் பெரும்பாலும் தேவையற்றது. ஆனால் அதே காரம் நாரைத் தின்னும்.

செடி நார் என்பது ஒற்றை இழை இல்லை. மிகச் சிறிய செல்கள் பல நீளவாக்கில் ஒட்டி நிற்கும் கட்டு. தேங்காய் நாரில் ஒவ்வொரு செல்லும் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது, கற்றாழை நாரில் சில மில்லிமீட்டர். அவற்றை ஒட்டவைக்கும் பசைதான் லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும். கார நீர் முதலில் கரைப்பது இந்தப் பசையை. பசை போனதும் நார் வெளியே பார்க்க முழுதாகவே இருக்கும், இழுத்தால் துண்டுதுண்டாக வரும். 1980களின் தொடக்கத்தில் சுவீடனில் ஹான்ஸ் எரிக் கிராம் என்ற ஆய்வாளர் கற்றாழை நாரை வைத்து இதை விளக்கமாகக் காட்டினார்.

அதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. நாரின் நடுவிலுள்ள குழிவுக்குள் சுண்ணாம்பு நீர் ஏறி, காயும்போது படிகமாகிறது. நனைவதும் காய்வதும் திரும்பத் திரும்ப நடந்தால் நார் மெல்ல மெல்லக் கல்லாகிப்போகும். வளையும் தன்மை போய், தொட்டால் முறியும் குச்சியாகிவிடும். பிரேசிலில் டோலிடோ ஃபில்ஹோவும் சக ஆய்வாளர்களும் கற்றாழை நாரையும் தேங்காய் நாரையும் இரண்டு வகைக் காரக் கரைசல்களில் ஊறவைத்துப் பார்த்தார்கள். சோடியம் ஹைட்ராக்சைடில் 420 நாட்களுக்குப் பிறகும் இரண்டிலும் பாதிக்கு மேல் வலிமை மிஞ்சியது. கால்சியம் ஹைட்ராக்சைடில் 300 நாட்களிலேயே ஒன்றும் மிஞ்சவில்லை. காரத்தின் கடுமையைவிடச் சுண்ணாம்பு உள்ளே படிவதுதான் பெரிய கேடு என்று இதிலிருந்து தெரிகிறது.

தேங்காய் நாரில் லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அதனால் அது அழியாது என்று எழுதப்படுவதை நிறையப் பார்க்கலாம். தண்ணீரில் அழுகாமல் இருப்பதற்கு அந்த லிக்னின் உதவுவது உண்மை. சிமென்ட்டுக்குள் அது கவசமாக நிற்காது, ஏனென்றால் காரம் தாக்குவதே லிக்னினைத்தான். கடலில் கயிறு தாங்குகிறதே என்று சிமென்ட்டிலும் தாங்கும் என முடிவு செய்யக்கூடாது.

இதற்கு மாற்று வழிகளில் எனக்கு மிகவும் நம்பிக்கையானது சிமென்ட்டைத் திருத்துவது. நாரைத் திருத்துவது இரண்டாம்பட்சம். சுண்ணாம்புதான் வில்லன் என்றால், அந்தச் சுண்ணாம்பைத் தின்னும் ஒன்றைச் சிமென்ட்டோடு சேர்த்துவிடலாம். படிகமாகாத சிலிக்கா நிறைந்த நுண்தூள்கள் எல்லாம் அந்த வேலையைச் செய்யும். நிலக்கரிச் சாம்பல், சிலிக்கா புகைத்தூள், சுட்ட களிமண்ணான மெட்டகயோலின், உமிச் சாம்பல், கரும்புச் சக்கைச் சாம்பல் எல்லாம் இந்த வகை. இவை சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமென்ட்டுக்கு வலிமை தரும் அதே கால்சியம் சிலிகேட் பிசினாக மாறுகின்றன. ஆனால் கொஞ்சமாகப் போட்டால் பயனில்லை. பத்துப் பதினைந்து சதவீதம் போட்டால் கல் வலுப்படும், நார் பிழைக்காது. மெட்டகயோலின் வகைகளைக் கொண்டு சிமென்ட்டில் பாதியை மாற்றியபோதுதான் சுண்ணாம்பு ஏறக்குறைய முழுவதும் தீர்ந்து, நார் பல காலம் வலிமையோடு நின்றது. சிலிக்கா புகைத்தூளிலும் 40 சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டது. கட்டுபடியாகும் விதத்தில் இவ்வளவு தூள் கிடைக்குமா என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது.

கரும்புச் சக்கையோ உமியோ கையில் உள்ளவர்களிடம் நான் சொல்வது, அதை நாராகப் போடுவதா சாம்பலாகப் போடுவதா என்று முதலில் யோசியுங்கள் என்பதே. சக்கை நார் குட்டையானது, சர்க்கரை ஒட்டியது, இழுவலிமையில் சுமாரானது. எரித்த சாம்பலோ சிமென்ட்டையே மிச்சப்படுத்தும். உமிச் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா உண்டு. சுமார் 700 டிகிரிக்குக் கீழே கட்டுப்படுத்தி எரித்தால் அந்தச் சிலிக்கா படிகமாகாமல் வினைத்திறனோடு கிடைக்கும். கொதிகலனில் கண்டபடி எரிந்து கருத்த சாம்பல் அந்த அளவுக்கு வேலை செய்யாது, நன்றாக அரைத்தால் ஓரளவு தேறும். ஒரு கழிவின் சாம்பலால் சுண்ணாம்பைக் குறைத்து, இன்னொரு கழிவின் நாரால் விரிசலைப் பிடித்து நிறுத்துவது நல்ல ஜோடி.

இன்னொரு வழியைக் காற்றே தருகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கல்லுக்குள் மெதுவாகப் புகுந்து சுண்ணாம்பைச் சுண்ணக்கல்லாக மாற்றும், பிஎச் 9-க்கு அருகில் இறங்கும். இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இது சாபம். காரம் போனால் கம்பி துருப்பிடிக்கும். கம்பியே இல்லாத நார்க் கல்லுக்கு இது வரம். பொள்ளலான ஹாலோ பிளாக்கில் இந்த மாற்றம் அடர்ந்த கான்கிரீட்டைவிட வெகு வேகமாக நடக்கும். அறையில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி இதை விரைவாகச் செய்யும் முறைகளும் உண்டு. ஒரு எச்சரிக்கை: ஹாலோ பிளாக் துளைகளில் கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்பப் போகிறீர்கள் என்றால் இந்த வழியைக் கம்பியின் பார்வையிலிருந்தும் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலையில் செய்யும் நார் சிமென்ட் தகடுகள் எப்படித் தாங்குகின்றன என்று கேட்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் தகடு செய்யும் முறைக்கு ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் 1901-இல் காப்புரிமை பெற்றார். 1980களில் ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸுக்குப் பதிலாக மரக்கூழ் நார் வந்தது. அந்தக் கூழில் லிக்னினை முன்பே சமைத்து நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது காரத்தை நன்கு தாங்கும் செல்லுலோஸ். அதோடு அரைத்த மணல் சேர்த்து, சுமார் 180 டிகிரி நீராவி அழுத்தக் கலனில் சுடுவதால் சுண்ணாம்பும் மணலோடு வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. பச்சை நாரை அப்படியே போடும் கல் பட்டறைக்கு அந்தத் தகடுகளின் ஆயுளைச் சான்றாகக் காட்ட முடியாது.

எந்த நாரை எடுப்பது? இழுவலிமையைப் பார்த்தால் கற்றாழை, சணல், வாழை நார்கள் 400, 500 மெகாபாஸ்கல் வரை போகும். தேங்காய் நார் 100 முதல் 200 வரைதான். ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி குட்டை நார் அறுவதில்லை, உருவி வருகிறது. எனவே இழுவலிமை இங்கே பெரும்பாலும் வீணாகும் தகுதி. தேங்காய் நார் அறுவதற்கு முன் தன் நீளத்தில் 15 முதல் 40 சதவீதம் வரை நீளும், கற்றாழை நார் சில சதவீதம்தான். அடியைத் தாங்குவதற்குத் தேங்காய் நாரும், வளைவில் விரிசலை அகலவிடாமல் பிடிக்கக் கற்றாழை நாரும் ஏற்றவை. வாழை நார் மென்மையானது, கலக்கும்போது சிக்கிக்கொள்ளும், தண்ணீரையும் நிறையக் குடிக்கும். கழிவு என்று வரும்போது கயிறு திரிக்க உதவாத குட்டை நாரே கிடைக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் மட்டை அடிக்கும்போது உதிரும் தூளை நாரோடு சேர்த்துவிடக் கூடாது. அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும், கல்லுக்கு எந்தப் பிடிப்பும் தராது. சலித்து நீக்குங்கள்.

சலித்த பிறகு கழுவ வேண்டும். கழுவுவதற்குக் காரணம் அழுக்கு மட்டும் இல்லை, சர்க்கரை. சிமென்ட் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை இருந்தாலே இறுகுவது பல மணி நேரம் தள்ளிப்போகும். 0.2 முதல் 1 சதவீதம் வரை போனால் இறுகாமலே கிடக்கலாம். 50 கிலோ சிமென்ட்டுக்கு 0.05 சதவீதம் என்பது வெறும் 25 கிராம். கழுவாத கரும்புச் சக்கையிலும் புதிய வாழை நாரிலும் அந்த அளவு சர்க்கரையும் சாறும் சுலபமாக இருக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை ஊறவையுங்கள். சக்கை என்றால் கொதிநீரில் போட்டு எடுப்பது மேல். போதுமான அளவு கழுவியாகிவிட்டதா என்று அறிய ஒரு எளிய சோதனை: கடைசியாக நார் ஊறிய தண்ணீரில் கொஞ்சம் சிமென்ட்டைக் குழைத்து ஒரு வில்லை தட்டுங்கள், நல்ல தண்ணீரில் குழைத்து இன்னொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகத்துக்குப் பிடிகொடுக்காமல் இறுகினால் நார் தயார். முன்னது பின்தங்கினால் மறுபடி கழுவுங்கள். உவர்நீரில் ஊறவைத்துப் பிரித்த தேங்காய் நாராக இருந்தால் உப்பும் போக வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் வெண்பூத்து நிற்கும்.

நாரைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மெழுகை நீக்கிச் சொரசொரப்பாக்கும் முறையை ஆய்வுக் கட்டுரைகள் மிகவும் விரும்புகின்றன. பிடிப்பு கூடுவது உண்மைதான். சிறு பட்டறைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கையைப் புண்ணாக்கிவிடும் கரைசல், கழுவிய நீரை எங்கே விடுவது என்ற தலைவலி, கிடைக்கும் பலனோ சொற்பம். அதைவிட, கழுவிய நாரை நன்றாகக் காயவைத்து, மறுபடி நனைத்து, மறுபடி காயவைக்கலாம். இப்படிச் சில முறை செய்தாலே நாரின் செல் சுவர் இறுகி, தண்ணீர் குடிப்பதும் ஊதிச் சுருங்குவதும் குறையும். காகிதக் கூழ்த் தொழிலில் நெடுநாள் தெரிந்த விஷயம் இது. செலவே இல்லை.

அளவு பற்றிய குழப்பம் பெரும்பாலும் சதவீதத்தில் வருகிறது. ஒருவர் கன அளவில் சொல்வார், மற்றவர் சிமென்ட் எடையில் சொல்வார். ஒரு கனமீட்டர் கலவையில் 250 கிலோ சிமென்ட் இருந்தால், கன அளவில் 0.5 சதவீதத் தேங்காய் நார் என்பது 6 கிலோ. அதாவது 50 கிலோ சிமென்ட்டுக்கு 1.2 கிலோ. சிமென்ட் எடையில் இதுவே 2.4 சதவீதம். தொடங்குவதற்கு இந்த அளவு போதும். இதன் இரட்டிப்பு, கன அளவில் 1 சதவீதம், கல் இயந்திரத்துக்கு ஏறக்குறைய உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் கலவை இறங்காது, அமுக்க வலிமை கண்கூடாக விழும். நீளம், கல்லின் மெல்லிய பகுதியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 30 மில்லிமீட்டர் சுவருள்ள ஹாலோ பிளாக்குக்கு 15 முதல் 20 மில்லிமீட்டர், திடக் கல்லுக்கு 30 வரை.

கலக்கும்போது நாரை முன்பே நனைத்து, மேலே தண்ணீர் மினுங்காத ஈரப் பதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அது கலவையின் தண்ணீரைத் திருடாது. மணலையும் ஜல்லியையும் முதலில் ஓட்டி, அந்த ஓட்டத்தில் நாரைக் கையால் உதிர்த்துத் தூவி, பிறகு சிமென்ட்டையும் தண்ணீரையும் சேர்ப்பது நல்ல வரிசை. கடைசியில் ஒரே கொத்தாகக் கொட்டினால் உருண்டை கட்டும். உருண்டை கட்டிய இடம் கல்லுக்குள் ஒரு ஓட்டைக்குச் சமம். சுழலும் டிரம்மைவிட, உள்ளே துடுப்பு ஓடும் பேன் மிக்சர் இதற்கு நல்லது. அச்சில் அழுத்தும்போது இன்னொரு தொல்லை வரும். நார் சுருண்டு அமுங்கி, அழுத்தம் விட்டதும் நிமிரப் பார்க்கும். பச்சைக் கல்லின் உயரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எழும், படுக்கைவாக்கில் மெல்லிய பிளவும் விழலாம். அப்படி நடந்தால் நாரின் நீளத்தைக் குறையுங்கள், அல்லது அளவைக் குறையுங்கள். அழுத்தத்தைக் கூட்டுவதால் சரியாகாது.

க்யூரிங் வழக்கம்போலத்தான். சாம்பல் சேர்த்திருந்தால் மட்டும் நாட்களைக் கூட்டுங்கள். சாம்பல் சுண்ணாம்பைத் தின்ன ஈரமும் நேரமும் வேண்டும், ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டால் நாரைக் காப்பாற்றப் போட்ட சாம்பல் பாதி வேலையோடு நின்றுவிடும். இரண்டு வாரமாவது ஈரம் காக்க வேண்டும்.

எங்கே போடலாம் என்பதற்கு என் கருத்து இது. உள்தடுப்புச் சுவர், பூச்சு பூசிய வெளிச்சுவர், தூணும் உத்திரமும் பாரம் தாங்கும் சட்டகக் கட்டடத்தில் இடைவெளி நிரப்பும் கல் எல்லாம் சரி. அங்கே கல் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும், சுண்ணாம்பு நீர் நாருக்குள் ஏறி இறங்க வாய்ப்புக் குறைவு. அஸ்திவாரம், தரையோடு ஒட்டிய முதல் வரிசைகள், பூசாத மதில், தண்ணீர்த் தொட்டி, நடைபாதைக் கல் ஆகியவற்றில் வேண்டாம். நனைந்து நனைந்து காயும் இடம் எதுவோ அது நாருக்கு ஆகாது.

கடைசியாகச் சோதனை. நார்க் கல்லை 28 நாளில் நசுக்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வது பாதிச் சோதனைகூட இல்லை. அந்த வயதில் நார் இன்னும் புதிதாகத்தான் இருக்கும். நார் போட்டதும் போடாததுமாக ஒரே கலவையில், தண்ணீரைச் சரிக்கட்டி, கற்களைச் செய்யுங்கள். ஒரு பங்கை 28 நாளில் நசுக்கியும் வளைத்தும் பாருங்கள். வளைக்க இயந்திரம் இல்லாவிட்டால் இரண்டு கம்பிகள் மேல் கல்லை வைத்து நடுவில் பாரம் ஏற்றினால் போதும். வெறும் கல் படாரென்று இரண்டாகும், நார்க் கல் விரிசல் விட்டுத் தொங்கி நிற்கும். இன்னொரு பங்கை ஒரு நாள் நீரில், மறுநாள் வெயிலில் என்று 25 சுற்று ஓட்டிவிட்டு அதே வளைவுச் சோதனையைச் செய்யுங்கள். வெந்நீர்த் தொட்டி இருந்தால் 60 டிகிரியில் 56 நாள் ஊறவைக்கலாம். நார் சிமென்ட் தகடுகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 12467 அப்படித்தான் கேட்கிறது. முதிர்ந்த கல்லை உடைத்தபின் விரிசல் முகத்தைப் பாருங்கள். நார்கள் மீசை மயிர்போல் நீட்டிக்கொண்டு, விரலால் தள்ளினால் வளைந்துகொடுத்தால் இன்னும் உயிரோடு இருக்கின்றன. முகத்தோடு முகமாக வெட்டியதுபோல் அறுந்து, தொட்டால் பொடியானால் சுண்ணாம்பு ஜெயித்துவிட்டது. அப்போது சாம்பலின் அளவைக் கூட்டி அடுத்த கலவையைப் போடுங்கள், நாரின் அளவைக் கூட்டாதீர்கள்.